இறக்கை மடித்த விமானங்களும் டோபாஸ் பெரியப்பாவும்

எங்க பெரியப்பாவை எல்லோரும் 'டோபாஸ் ஐயா' என்றுதான் சொல்வார்கள். காலனியில் மட்டுமல்ல, ஊர்த்தெருவில் இருக்கிற சாதி இந்துக்கள்கூட அவரை 'டேய்' போட்டுக் கூப்பிடக் கொஞ்சம் தயங்குவார்கள். வெளிநாட்டுக்குப் போகிற சரக்குக் கப்பலில் பெரிய வேலை. வருஷத்துக்கு ஒருமுறை தகரப்பெட்டியோடு வருவார். பெட்டிக்குள் வாசனை சோப்பு, மடக்குக் குடை, எங்களுக்கு ஆளுக்கொரு மிட்டாய் டப்பா. ஆறாம் வகுப்பில் வாத்தியார் ஒவ்வொருத்தனாக எழுப்பி, "உங்க வீட்ல யார்றா உத்தியோகத்துல இருக்காங்க" என்று கேட்டபோது நான் எழுந்து நின்று, "பெரியப்பா கப்பல்ல டோபாஸ் சார்" என்றேன். வாத்தியார் மரியாதையாகத் தலையாட்டினார். பாவம், அவருக்கும் தெரியாது.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்குத் தெரிந்தது கல்லூரியில் மூன்றாம் வருஷம். கவிதை எழுத ஆரம்பித்திருந்த காலம், அகராதிகளை மேய்கிற வியாதி இருந்தது. 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்கிற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் டோபாஸ் இருந்தது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் போர்த்துகீசியர் வழிவந்த கறுத்த கிறிஸ்தவர்களை, தொப்பி போட்ட சிப்பாய்களை அப்படி அழைத்திருக்கிறார்கள். தொப்பி என்பதிலிருந்து வந்த சொல் என்கிறார் ஒருவர், துபாஷி என்பதிலிருந்து வந்தது என்கிறார் இன்னொருவர். பண்டிதர்கள் அடித்துக்கொள்ளட்டும். அந்தச் சொல் பிற்காலத்தில் எங்கே போய் ஒதுங்கியது என்பதுதான் நமக்கு விஷயம். கப்பலில் குளியலறையும் கக்கூசும் கழுவுகிறவனுக்குப் பெயர் டோபாஸ்.

நூலகத்து விசிறிக்குக் கீழே எனக்கு வேர்த்துவிட்டது. பெரியப்பாவிடம் போய்க் கேட்கவில்லை. கேட்க முடியுமா? முப்பது வருஷம் கடலில் துடைப்பம் பிடித்தவர், ஊருக்கு வரும்போது ஒரு சொல்லைச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு வந்தார். அதை அவிழ்க்கச் சொல்ல நான் யார்? அவர் இப்போது இல்லை. அவருடைய கப்பல் புத்தகம் என்னிடம் இருக்கிறது. போட்டோ, கைரேகை, பதவி என்ற இடத்தில் தட்டச்சில் அந்தச் சொல்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், 2023 மே மாதம் எல்.எஃப்.சி. போட்டுக் குடும்பத்தோடு கோவா போனேன். அக்கா மகனும் வந்தான். (அவனுக்கு வங்கி பணம் தராது, என் கைக்காசு.) பிளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தான். கோவாவில் அவனுக்கு ஒரே ஒரு இடம்தான் பார்க்கவேண்டும். தாபோலிம் விமானத்தளத்துப் பக்கம், போக்மாலோ போகிற சாலையில் இருக்கிற கடற்படை விமான அருங்காட்சியகம்.

காரணம் இருக்கிறது. நாங்கள் அரக்கோணம் பக்கம். 1992-இல் அங்கே ஐ.என்.எஸ். ராஜாளி வந்தது. முதலில் ரஷ்யாவின் து-142, அது 2017-இல் ஓய்வு பெற்றது. 2013-இலிருந்து அமெரிக்க பி-8ஐ. எங்க காலனிக் குழந்தைகள் பஸ் நம்பர் தெரிவதற்கு முன்னால் விமானம் பெயர் சொல்லும். ஆனால் அந்த இடத்தில் ஓடுதளம் இரண்டாம் உலகப்போர் காலத்திலேயே போட்டது. அதற்கு ஜல்லி சுமந்த கூலிகளில் என் தாத்தாவும் ஒருவர். கூலி எவ்வளவு என்று அவர் சொன்னது ஞாபகமில்லை, தலைச்சும்மாடு தேய்ந்து மண்டையில் வழுக்கை விழுந்த வட்டத்தைத் தொட்டுக் காட்டுவார். அவர் கடைசிவரை எந்த விமானத்திலும் ஏறவில்லை.

1998-இல் திறந்த அருங்காட்சியகம். பழைய விமானங்கள் வெளியில், வெயிலில், சரளைக்கும் புல்லுக்கும் நடுவில் நிற்கின்றன. பையனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடிப்போய் முதலில் நின்றது ஃபயர்ஃபிளை முன்னால். மூக்கில் விசிறி வைத்த பிரிட்டிஷ் விமானம், 1943-இல் படைக்கு வந்தது, கப்பலிலிருந்து கிளம்பிச் சண்டை போடுவதற்கென்றே செய்தது. போர் முடிந்து, நம் கடற்படை 1950-களில் வாங்கியபோது அதற்குக் கொடுத்த வேலை வேறு. வாலில் ஒரு நீளமான துணிக்குழாயைக் கட்டி இழுத்துக்கொண்டு பறக்கவேண்டும், கீழே கப்பலில் இருக்கிற பீரங்கிக்காரர்கள் அந்தத் துணியைச் சுட்டுப் பழகுவார்கள். "இன்னா மாமா, சண்டை போட்ட பிளேன இழுவைக்கு விட்டுட்டாங்களே" என்றான் பையன். அவன் அதோடு விட்டுவிட்டான். எனக்குத்தான் அந்த விமானத்தை விட்டு நகர மனசில்லாமல் போயிற்று.

அடுத்தது சீலேண்ட். தண்ணியிலும் இறங்கும் தரையிலும் இறங்கும். 1953-இல் கொச்சிக்கு வந்தது, கடற்படையின் முதல் விமானம் இதுதான். பிறகு சூப்பர் கான்ஸ்டலேஷன், நாலு எஞ்சின், மூணு வால். முதலில் ஏர் இந்தியாவில் பணக்காரர்களைச் சுமந்துவிட்டு, விமானப்படைக்கு வந்து, 1976-இல் கடற்படைக்கு வந்த வண்டி. அதன் நிழலில் என் மனைவியும் மகளும் உட்கார்ந்துவிட்டார்கள். நியாயந்தான்.

நானும் பையனும் ஸீ ஹாக் பக்கம் போனோம். ஒல்லியான ஜெட். கப்பலில் இடம் பத்தாது என்று இறக்கையை மேலே மடிக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள், கும்பிடுகிற கை மாதிரி. பையன் எனக்குப் பாடம் எடுத்தான்: "பின்னாடி புகை வர ஓட்டையே இல்ல பாத்தியா மாமா? எஞ்சின் புகைய ரெண்டா பிரிச்சி ரெண்டு றெக்கை அடியிலயும் வெளியே வுடறான். அதனால வால் பக்கம் காலியாச்சு. அங்க ஒரு டாங்கி எரிபொருள் வெச்சிட்டான்." எங்கேடா படிச்சே என்றேன். யூடியூப் என்றான். வேகம், எடை, கொக்கி போட்டுக் கப்பலில் நிறுத்துகிற கம்பி, எல்லாம் சொன்னான். கணக்குப் போட்டே சொன்னான்.

தோழர்களே, அந்தப் பையன் பிளஸ் டூவில் படித்தது வணிகவியல். அவன் முதல் குரூப் கேட்டுத்தான் போனான். "உனக்கெதுக்குடா கணக்கும் பிசிக்சும், ஃபெயிலாயிடுவ, ஸ்கூல் ரிசல்ட் போயிடும்" என்று திருப்பி அனுப்பினார்கள். எந்தப் பள்ளிக்கூடம், யார் சொன்னது என்பது இங்கே முக்கியமில்லை. இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேருக்கு இதே வாக்கியம் இதே குரலில் கேட்டிருக்கும்.

உள்ளே கட்டடத்தில் வெடிகுண்டுகள், டார்பிடோக்கள், படங்கள், விமானிகளின் உடுப்பு, விக்ராந்த் கப்பலின் கதை. அந்தக் கதை நமக்கும் தெரிந்திருக்கவேண்டியது. பிரிட்டனில் 1943-இல் கட்டத் தொடங்கி, போர் முடிந்ததால் பாதியில் விட்டு, நாம் வாங்கி, 1961 மார்ச்சில் கடற்படையில் சேர்த்த கப்பல். அதன் விமானங்கள் அந்த ஆண்டு நம்ம கோயம்புத்தூர் சூலூரில்தான் வந்து இறங்கின. கோவாவிலிருந்து போர்த்துகீசியரை விரட்டியது 1961 டிசம்பரில், அதற்குப் பிறகு 1964-இல் தளம் இங்கே மாறியது. 1971 டிசம்பர் 4 அன்று வங்கக் கடலில் விக்ராந்திலிருந்து ஸீ ஹாக்குகள் கிளம்பி காக்ஸ் பஜாரைத் தாக்கின. கப்பலின் ஒரு கொதிகலனில் விரிசல், முழு வேகம் போக முடியாது, அப்படியே போருக்குப் போனார்கள். வீரம்தான், நான் மறுக்கவில்லை. அலீஸே விமானம் ஒன்று மூன்று பேரோடு கடலில் போனது. அந்த மூன்று பேரின் வீட்டையும் நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.

அந்தப் போரின்போது பாதுகாப்பு அமைச்சர் யார்? பாபு ஜெகஜீவன் ராம். சாமர் சாதியில் பிறந்தவர். அவரே 1977-இல் ஜனதா ஆட்சியில் மறுபடியும் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். பதவியில் இருக்கும்போதே, 1978-இல் காசியில் சம்பூர்ணானந்தின் சிலையைத் திறந்துவைத்தார். அவர் போனபின் அந்தச் சிலையைக் கங்கைத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தீட்டுக் கழித்தார்கள். முப்படையும் சல்யூட் அடிக்கிற மனிதன் தொட்ட கல்லுக்கே அந்த கதி. கப்பலில் கக்கூஸ் கழுவினவன் ஊருக்கு வந்து 'டோபாஸ்' என்று ஒரு புரியாத சொல்லுக்குள் ஒளிந்துகொண்டால் அவனைப் பொய்யன் என்று யார் சொல்வது?

விக்ராந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஆயிரம் பேர் சாப்பிட்டால் ஆயிரம் பேர் போகணும் இல்லையா? நடுக்கடலில், போர் நடக்கும்போதும். கடற்படையிலும் துப்புரவு மாலுமிக்கு டோபாஸ் என்ற பதவிப் பெயர் நெடுங்காலம் இருந்தது. ஸீ ஹாக்குக்கு இறக்கையில் எண் இருக்கிறது. எந்த ஸ்குவாட்ரன், எந்த வருஷம், எத்தனை மணிக்குக் கிளம்பியது, எல்லாம் சரித்திரத்தில் இருக்கிறது. ஆயிரம் பேரின் மலத்தை அந்த டிசம்பரில் கழுவினவனின் பெயரை எங்கே போய்த் தேடுவது? விமான அருங்காட்சியகம் விமானத்தைக் காட்டத்தான் கட்டினது, அதைக் குறை சொல்லி நான் எழுதவில்லை. நாம் இத்தனை வருஷம் தேடவே இல்லையே என்பதுதான் எனக்கு உறுத்தல். கோரேகானில் 1818 போரில் செத்த மகர் சிப்பாய்களின் பெயர்கள் தூணில் வெட்டியிருக்கின்றன, 'நாக்' என்று முடிகிற பெயர்கள். பெயர் இருந்ததால்தான் அண்ணல் 1927 ஜனவரி 1 அன்று அங்கே போய் நின்றார். பெயர் இல்லாத இடத்துக்கு யார் போய் நிற்பது?

அமெரிக்கக் கதை ஒன்று சொல்லவேண்டும். அந்த நாட்டுக் கடற்படையில் 1942 வரை கறுப்பர்கள் புதிதாகச் சேர்ந்தால் சமையல்கட்டு, பரிமாறல், அதிகாரிகளின் துணி. அதற்கு மேல் கிடையாது. டெக்சாஸில் குத்தகை விவசாயியின் மகன் டோரிஸ் மில்லர், வெஸ்ட் வர்ஜீனியா கப்பலில் அழுக்குத்துணி பொறுக்குகிறவன். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் விமானங்கள் பேர்ல் ஹார்பரைத் தாக்கியபோது அடிபட்ட கேப்டனைத் தூக்கிக்கொண்டு போனான், அதன்பின் தனக்குச் சொல்லித்தரவே தராத எந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டான். முதலில் வந்த செய்தியில் அவனுக்குப் பெயர் இல்லை, 'ஒரு நீக்ரோ' அவ்வளவுதான். கறுப்பர்களின் பத்திரிகைகள்தான் விடாமல் நச்சரித்து, மாதக்கணக்கில் தோண்டி, அந்தப் பெயரை வெளியே கொண்டுவந்தன. 1942 மே மாதம் அவன் சட்டையில் கடற்படைச் சிலுவை குத்தப்பட்டது. பதக்கத்தைக் குத்திவிட்டு மறுபடியும் சமையல்கட்டுக்கே அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். 1943 நவம்பரில் கப்பல் மூழ்கிச் செத்தபோதும் அவன் சமையல்காரன்தான். 2020-இல் ஒரு விமானந்தாங்கிக் கப்பலுக்கு அவன் பெயரை அறிவித்தார்கள்.

நம்ம பத்திரிகைகள் முந்நூறு பிரதி அடிக்கிறோம், நானூறு பிரதி அடிக்கிறோம். அதில் பாதிக்கு மேல் ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கொள்கிற பக்கம் (நானும் எழுதியிருக்கிறேன்). ஓய்வு பெற்று நம்ம காலனிகளில் சும்மா உட்கார்ந்திருக்கிற டோபாஸ்கள், ராணுவ முகாம் துப்புரவாளர்கள், ஆஸ்பத்திரி வார்டு பாய்கள் இவர்கள் வாயிலிருந்து ஒரு பக்கம் வாங்கிப் போட்டிருக்கிறோமா? என் பெரியப்பா உயிரோடு இருந்தபோது நானே கேட்கவில்லையே. வெட்கப்பட்டது அவர் மட்டுமல்ல.

அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு போக்மாலோ கடற்கரைக்கு இறங்கினோம். மணலில் உட்கார்ந்ததும்தான் பையன் சொன்னான். "மாமா, அக்னிவீர் போட்டிருக்காங்க. எம்.ஆர்.ல டென்த் போதுமாம். ஐ.என்.எஸ். ராஜாளியிலயே போஸ்டிங் கிடைச்சாலும் கிடைக்கும்."

போனை வாங்கிப் பார்த்தேன். 2022-இல் அக்னிபாத் வந்தபின்னும் எம்.ஆர். என்கிற பிரிவில் மூன்று வேலைகள்: செஃப், ஸ்டூவர்ட், ஹைஜீனிஸ்ட். எஸ்.எஸ்.ஆர். என்கிற மற்ற பிரிவு, எஞ்சின், ரேடார், ஆயுதம் என்று போகிறது. அதற்குப் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் கேட்டிருந்தார்கள். அதாவது முதல் குரூப்.

"ஹைஜீனிஸ்ட்னா இன்னாடா?"

"ஹெல்த் இன்ஸ்பெக்டர் மாதிரி மாமா. ஹாஸ்பிடல் சைடு."

அலை வந்து செருப்பை இழுத்துக்கொண்டு போனது, எடுக்கக்கூடத் தோன்றவில்லை. இரண்டு தலைமுறை. பெரியப்பாவுக்கு ஒரு போர்த்துகீசியர் காலத்துச் சொல், இவனுக்கு ஓர் இங்கிலீஷ் சொல். அறிவிக்கையில் கீழே விளக்கம் இருக்கிறது: கழிப்பறை முதலான இடங்களின் சுத்தத்தைப் பராமரிக்கவேண்டும். பொய் சொல்லவில்லை. ஆனால் பதினேழு வயசுப் பையன் முதல் வரியைப் படிப்பான், சம்பளத்தைப் படிப்பான், யூனிஃபார்ம் போட்டோவைப் பார்ப்பான்.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார்: துப்புரவு வேலை கேவலமா? படையில் சாதி பார்த்தா எடுக்கிறார்கள்? விண்ணப்பம் எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது? இருக்கிறது. கப்பல் சுத்தமாக இருக்கத்தான் வேண்டும். நான் கேட்பது, அதற்கென்று தனியாக ஓர் ஆள் வகை எதற்கு? போரில் ஏவுகணை விடுகிறவனும் அவன் போன இடத்தை முறை வைத்துக் கழுவட்டும். கழுவுவதற்கென்றே ஆள் எடுக்கிறவரை அந்த வரிசையில் யார் வந்து நிற்கிறார்கள் என்ற கணக்கைச் சாதிவாரியாக வெளியே வை. விண்ணப்பத்தில் சாதி கேட்கத் தேவையே இல்லை, பதினோராம் வகுப்பில் முதல் குரூப்புக்கு வெளியே தள்ளியபோதே கேட்டாகிவிட்டது. அங்கே வடிகட்டினால் இங்கே தானாக வந்து சேரும். யாரும் கையில் சாணியைப் பூசிக்கொள்ளாமல் நடக்கிற வேலை இது. இட ஒதுக்கீடு இல்லாத படைகளில் 'தகுதி' என்று சொல்வதன் மறுபக்கம் இதுதான்.

வங்கி குமாஸ்தா புத்தி, உடனே கணக்குப் போட்டேன். முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய், அதில் 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். நாலு வருஷம். முடிவில் பத்து லட்சத்துக்கு மேல் கையில் வரும். நூற்றில் அதிகபட்சம் இருபத்தைந்து பேரை வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வீட்டுக்கு. பென்ஷன் கிடையாது. இருபத்திரண்டு வயசில் வந்து நிற்கிறவனிடம் 'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்டால், கடற்படையில் கக்கூஸ் கழுவிய நாலு வருஷ அனுபவத்தைத்தான் காட்டவேண்டும். அதை எந்த நகராட்சி வேண்டாமென்று சொல்லும்?

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன், டோபாஸ் என்றால் என்ன என்று. அவனுக்கு அவர் கப்பல் தாத்தா. கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டது ஒரே கேள்விதான்: "யூனிஃபார்ம் போட்டா நம்மள எவனும் தொட மாட்டான்ல மாமா?"

அவன் ஏன் அதைக் கேட்டான் என்று எனக்குத் தெரியும். 2021 ஏப்ரலில், சட்டமன்றத் தேர்தல் ஓட்டுப்போட்ட மறுநாள், அரக்கோணத்துக்குப் பக்கத்தில் சோகனூரில் நம்ம பையன்கள் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். அப்போது இவனுக்குப் பதினைந்து வயசு. காலனியே ரோட்டில் நின்றது. அன்றைக்கு அவன் கண்ணில் பட்டது காக்கி. இவனுக்கு வெள்ளை வேண்டியிருந்தது. நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. உனக்கு மேலே பறக்கிற ஜெகஜீவன் ராமையே கழுவிவிட்டார்கள் என்று சொல்லலாம்தான். பதினேழு வயசுப் பையனிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கடைசியில் அவன் விண்ணப்பிக்கவில்லை. என் பேச்சைக் கேட்டுத்தான். நானே கூட்டிப்போய்ப் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்த்தேன், முதல் வருஷத்திலிருந்து. கட்டணம் வங்கிக் கடன். இப்போது கடைசி வருஷம், கணக்கில் இரண்டு அரியர். இரண்டு வருஷம் தொடாமல் விட்ட பாடம், தடுமாறுகிறான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து போடுகிறான். பி-8ஐ போனால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்கிறான்.

காலனியில் அவனோடு படித்தவன் ஒருத்தன் எம்.ஆர். எழுதிப் போய்விட்டான். போன பொங்கலுக்கு லீவில் வந்திருந்தான், வெள்ளை உடுப்பில், அவங்க அம்மா கூடவே தெருத்தெருவாக நடந்தாள். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி அக்கா எங்க வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாள்:

"அவன் மாசாமாசம் அம்மாவுக்குப் பணம் அனுப்புறான். எம்புள்ள கடன்ல படிக்கிறான். புஸ்தகத்துல எழுதறியே தம்பி, இத எழுதுவியா?"